லைட் பார்க்க உட்கார்ந்தவள்

என் மனைவியின் முகத்தில் எந்தப் பக்கம் லைட் விழுந்தால் மூக்கின் நிழல் எங்கே போய் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கன்னத்துக்கு எவ்வளவு வெளிச்சம், நெற்றிக்கு எவ்வளவு, முகவாய்க்குக் கீழே விழும் நிழலை எப்படித் தூக்குவது, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் போன வருஷம் பயிற்சி கொடுக்கிற ஒரு டாக்டரம்மா, "இவங்க முகம் முன்னாடி எப்படி சார் இருந்திச்சு?" என்று கேட்டபோது நான் பேந்தப் பேந்த முழித்தேன். இருபத்திரண்டு வருஷமாக முகங்களைப் பார்த்துச் சோறு தின்கிறவன் நான். வெட்கமாக இருந்தது.

எங்கள் ஊரில் உப்பளம் என்கிற பகுதியில், கீழே பெயிண்ட் கடை இருக்கும் ஒரு கட்டடத்தின் மாடியில் என் ஸ்டுடியோ. வீடு மூலக்குளத்தில். ஸ்டுடியோ என்றால் நீளவாக்கில் ஒரே ரூம். ஒரு முனையில் பேக்ரவுண்டுக்கு மூன்று துணி சுருட்டித் தொங்கும். ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பு, இன்னொன்று நீலம். அந்த நீலம் பாஸ்போர்ட் போட்டோவுக்கும் ஆகாது, கல்யாணப் போட்டோவுக்கும் ஆகாது. அதை எதற்கு வாங்கினேன் என்று என் மனைவி மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். துணிக்கு முன்னால் ஒரு மர ஸ்டூல், அதற்கு எதிரே நான். என் வலது கைப் பக்கம் மெயின் லைட், வெளிச்சத்தை மெத்தென்று பரப்புகிற பெரிய சாஃப்ட் பாக்ஸ் மாட்டியது. உட்கார்ந்திருப்பவருக்கு அது இடது கன்னத்தில் விழும். எல்லாருக்கும் ஏன் இடது கன்னத்திலேயே லைட் என்று ஒரு காலேஜ் பெண் கேட்டாள். கலை என்று ஏதோ அளந்துவிட்டேன். உண்மை என்னவென்றால், மறுபக்கம் ஸ்டாண்டை வைத்தால் கதவு திறக்காது.

ஸ்டுடியோ ஆரம்பித்த புதிதில் ஒரு பெரியவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் சொல்தா என்பார்களே, அந்த வகை. கோட்டும் மெடலும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அப்போது என்னிடம் ஹாலஜன் லைட்டுகள். பக்கத்தில் போனாலே அனல் அடிக்கும். அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு ஸ்டாண்டை இப்படி இழுத்தேன், அப்படித் தள்ளினேன். ஏற்றினேன், இறக்கினேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். மனிதர் நெற்றி வேர்வை மெடலில் சொட்ட எழுந்துவிட்டார். "நான் போட்டோ புடிக்க வந்தேனா, வேக வந்தேனா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனவர் திரும்பி வரவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் என் மனைவிதான் யோசனை சொன்னாள். "அவங்க வர்றதுக்கு முன்னாடியே நான் வந்து உக்கார்றேன். என்னை வெச்சி எல்லாத்தையும் சரி பண்ணிக்குங்க. அவங்க வந்ததும் உக்கார வெச்சி டக்குன்னு எடுத்துடுங்க." பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுப் பெண். ஆனால் நான் பணம் கட்டிப் போன பயிற்சி வகுப்பில் எவனும் இதைச் சொல்லித்தரவில்லை. மறுநாளிலிருந்து உட்கார ஆரம்பித்தாள்.

அவளைப் போல ஆடாமல் அசையாமல் உட்காரும் ஆளை நான் பார்த்ததில்லை. ஃபிளாஷ் அடிக்கும்போது கண் சிமிட்ட மாட்டாள். எப்போது சிமிட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், என் விரலைப் பார்த்தே சிமிட்டிக்கொள்வாள். மாப்பிள்ளை வருகிறார் என்றால் என் வெள்ளைச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாள், வெள்ளை எவ்வளவு வெளுக்கிறது என்று பார்க்க. உயரமான ஆள் என்றால் ஸ்டூலில் இரண்டு பழைய ஆல்பத்தைப் போட்டு அதன்மேல் உட்காருவாள். குழந்தை என்றால் தலையணையை மடியில் வைத்துக்கொள்வாள். முழு உருவப் படம் எடுக்க நடனக்காரப் பெண்கள் வருவார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் பின்னாலிருந்து லைட் அடித்தால்தான் கையும் இடுப்பும் துணியிலிருந்து பிரிந்து தெரியும். அதற்கு இவள் புடவையை இழுத்துச் செருகி, ஒரு காலை மடக்கி, கையைத் தூக்கி நிற்பாள். "ஆட்டம் தெரியாதவ ஆடறாப்பல இருக்குது, சீக்கிரம் பாருங்க" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு முழங்கையின் நிழலை மட்டும் பார்ப்பேன்.

அவள் நல்ல கறுப்பு. அவளுக்குச் சரியாக இருக்கிற வெளிச்சம், வருகிற கஸ்டமருக்குக் கொஞ்சம் அதிகமாகிவிடும். "உனக்கு வெச்சத அப்படியே வெச்சா அவங்க சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிடுவாங்கடி" என்று கிண்டல் பண்ணுவேன். அவளும் சிரிப்பாள். "ஆமா, நான் உக்காந்தாதான் உங்க லைட்டுக்கே வேலை" என்பாள். அந்தப் பேச்சை நான் எத்தனை தடவை பேசியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. கஸ்டமர் முன்னாலும் பேசியிருக்கிறேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் எழுந்துகொள்வாள். நான் கேமராவில் அவளை எடுத்த நாலைந்து படத்தையும் டெலீட் பண்ணுவேன். அது பழக்கம். எடுத்து முடித்து மானிட்டரில் போட்டுக் காட்டும்போது முதல் படத்தில் யாரோ ஒரு பொம்பளை வந்து நின்றால் கஸ்டமருக்கு நன்றாக இருக்காது. கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருத்தி, "இது யாரு, வேலைக்காரம்மாவா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டாள். அதிலிருந்து ஆள் ஸ்டூலில் உட்காருவதற்குள் அழித்துவிடுவேன். இருபத்திரண்டு வருஷம். ஒரு நாளைக்கு நாலு என்று வைத்தாலும் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தைரியம் இல்லை.

அவளுக்கு ஒரு போட்டோ வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனால் அவள் அதைக் கேட்கிற நாள் இருக்கிறதே, அதுதான் வில்லங்கம். வருஷம் பூராவும் நைட்டியோ பழைய சின்னாளப்பட்டுப் புடவையோ கட்டிக்கொண்டு, சமையலை முடித்துவிட்டு ஓடிவருகிறவள், ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் பட்டுப் புடவை கட்டி, தலை நிறைய பூ வைத்து, ஸ்டுடியோவுக்கு வருவாள். அன்றைக்குத்தான் கஸ்டமர் கிடையாது. நான் கேமராவைத் துடைத்து, லைட் ஸ்டாண்டுகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, சாஃப்ட் பாக்ஸ் மேல் ஒரு முழம் பூ போட்டு, பொரிகடலை படைத்துத் தேங்காய் உடைப்பேன். கற்பூரம் காட்டி முடித்ததும் அவள் மெல்ல ஸ்டூலில் போய் உட்காருவாள்.

"இன்னைக்குத்தான் நல்லா இருக்கேன். ஒண்ணே ஒண்ணு எடுங்களேன்."

"ஆயுதத்துக்குப் பூஜை போட்டுட்டு அதையே கையில எடுப்பாங்களா? நாளைக்கு எடுத்துக்கலாம்."

பூஜை போட்ட பொருளை மறுநாள்தான் தொட வேண்டும் என்று எங்கள் அப்பா காலத்திலிருந்து வழக்கம். அவர் எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் லேத்தில் வேலை செய்தவர், அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடமாட்டார். நானும் அப்படியே வளர்ந்துவிட்டேன். மறுநாள் விஜயதசமி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற பிள்ளைகள், கடை திறக்கிறவர்கள், சலங்கை பூஜை போடுகிற பெண்கள் என்று காலையிலிருந்து கூட்டம் அள்ளும். அவள் பழைய புடவையில் வந்து லைட் பார்க்க உட்கார்ந்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விடுவாள். அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அந்தப் பேச்சு வராது. செல்போனிலாவது எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். "செல்லுல வாணாம். லைட் வெச்சி எடுக்கறதுன்னா எடுங்க" என்பாள். லைட்டின் அருமை தெரிந்தவள். அவளுக்கு நான்தானே அதைத் தெரியவைத்தேன்.

போன வருஷம் விஜயதசமி அன்றைக்கு அவள் பழைய புடவையில் வரவில்லை. முந்தின நாள் கட்டியிருந்த அதே பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். நாளைக்கு நாளைக்கு என்கிறாரே, நாளைக்கே போய் நின்றால் என்ன செய்வார் என்று நினைத்திருப்பாள் போல. எனக்கு அது புரிந்தது. புரியாமல் இல்லை. ஆனால் முதல் புக்கிங் ஒரு நடனக்காரப் பெண், முழு உருவப் படம், அவள் அம்மா வேறு ஏற்கெனவே இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். "வா வா, நில்லு" என்று அவசரப்படுத்தினேன்.

நின்றாள். இரண்டு பின்லைட்டையும் சரி பண்ணிவிட்டு, முகத்துக்கு மெயின் லைட்டை வைத்து ஒன்று எடுத்தேன். கேமராவில் பார்த்தால் ஒரு கண் மூடியிருக்கிறது, ஒரு கண் திறந்திருக்கிறது. கண்ணடிக்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது எடுத்தேன். அதுவும் அப்படியே. வலது கண் மூடி, இடது கண் விழித்துக்கொண்டு.

"என்னா, கண்ணடிச்சி விளையாடற நேரமா இது?"

"இல்லிங்க. கண்ணு கரிக்குது. ராத்திரிலருந்து காதுக்குப் பின்னால வேற ஒரே வலி. காலையில டீ குடிச்சா ஒரு பக்கமா ஒழுவுது."

"பல்லுல ஏதாவது இருக்கும். நேரா பாரு."

மூன்றாவதும் அப்படியே வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேமராவைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே நீட்டி, பாரு, எப்படி இருக்குது பாரு என்றேன். அவள் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னமோ ஒரு மாதிரி கோணலா இருக்குதுங்க" என்றாள். "கண்ண மூடித் தொலைச்சா கோணலாத்தான் இருக்கும்" என்றேன். அதற்குள் படியில் செருப்புச் சத்தம். மூன்றையும் அழித்தேன். பட்டுப் புடவையோடு அவள் ஓரமாகப் போய் நின்று, நடனக்காரப் பெண்ணின் நிழல் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற தெர்மாகோல் பலகையைப் பிடித்தாள். மத்தியானம் வரைக்கும் பிடித்தாள்.

மறுநாள் நாலு புக்கிங், அதற்கு மறுநாள் ஒரு நிச்சயதார்த்தம். அவள் வந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். முந்தானையை அடிக்கடி வாயோரம் ஒற்றிக்கொண்டாள். "முந்தானைய எறக்கு, கழுத்து நிழல் தெரியல" என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நெற்றியைப் பார்த்தேன், மூக்கைப் பார்த்தேன், முகவாய்க்குக் கீழே பார்த்தேன். இதெல்லாம் ஒருத்தியுடைய முகம் என்று பார்க்கவில்லை. நாலாம் நாள் காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் இடது பக்கமாக வழிந்து ரவிக்கை எல்லாம் நனைந்தது. பக்கத்து வீட்டு அம்மாதான் பார்த்துவிட்டு, "ஐயையோ, காத்து அடிச்சிடுச்சிம்மா, வாய் இழுத்துக்கினு கீது பாரு" என்று சத்தம் போட்டாள். அப்புறம்தான் நான் திரும்பிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைப் புருவத்தைத் தூக்கச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். இடது பக்கம் ஒன்றுமே அசையவில்லை. பயப்படுகிற மாதிரி மூளையில் ஒன்றும் இல்லை, முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்.

"நேத்து சாயந்திரம்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

"இல்ல சார்," என்றாள் அவள், பாதி வாயால். "விஜயதசமி அன்னிக்கே. இவரு எடுத்த போட்டோவுலயே தெரிஞ்சிச்சு."

"அந்த போட்டோ இருக்கா? காட்டுங்க" என்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

"டெலீட் பண்ணிட்டேன் சார்."

அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. மாத்திரை எழுதினார். முதல் மூன்று நாளைக்குள் ஆரம்பித்திருந்தால் இந்த மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கும், இப்போதும் கொடுக்கலாம், நிறைய பேருக்குச் சரியாகிவிடும், சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடும் என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது கண்ணை மூடி ஒட்ட ஒரு பிளாஸ்திரி. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

வண்டியில் திரும்பி வந்தோம். மூலக்குளம் நெருங்கும்போது பின்னாலிருந்து சொன்னாள், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக.

"மூணு நாளும் என் மூஞ்சியத்தான பாத்தினு இருந்தீங்க."

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் இறங்கி அவள் உள்ளே போனபிறகும் கொஞ்ச நேரம் வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் பயிற்சிக்குப் போனோம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து புருவத்தையும் உதட்டையும் அசைத்துப் பழக வேண்டும். முதல் நாளே அந்த டாக்டரம்மா பழைய போட்டோ ஒன்று கேட்டாள். நேராகப் பார்க்கிற மாதிரி, முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி, நல்ல வெளிச்சத்தில் எடுத்தது. எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவாம். "உங்களுக்கு என்ன சார், ஸ்டுடியோவே வெச்சிருக்கீங்க" என்று வேறு சொன்னாள். நானும் ஆமாம் ஆமாம் என்று வந்துவிட்டேன்.

ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றாக மாட்டித் தேடினேன். இருபத்திரண்டு வருஷத்து ஜனம் எல்லாம் உள்ளே இருக்கிறது. கல்யாணம் பண்ணிக்கொண்டு பிரிந்துபோனவர்கள்கூட இருக்கிறார்கள். கும்பிட்ட கையோடு கட்சிக்காரர்கள், மொட்டை போட்ட குழந்தைகள், மீன் ஏலம் எடுக்கிற ஒரு அம்மா கழுத்து நிறைய நகையோடு. என் பெண்டாட்டி இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் கேட்டேன். அவளும் செல்போனைத் துழாவிவிட்டு, "எல்லாத்தையும் அம்மாதான்பா எடுத்திருக்கு. அம்மா எதுலயும் நேரா நிக்கல" என்றாள். இருந்தது எது என்றால் ஆதார் கார்டு, அதை அவளே பார்க்கமாட்டாள். அப்புறம் எங்கள் கல்யாண ஆல்பம். வேறு ஒருவர் எடுத்தது. முகத்தில் பவுடரை அப்பி, ஃபிளாஷை நேரே அடித்து, மூக்கு எது கன்னம் எது என்றே தெரியாமல் பண்ணியிருந்தார். அந்த ஆளை எத்தனை வருஷமாகக் கேலி பேசியிருக்கிறேன். கடைசியில் அவர் எடுத்ததுதான் மிச்சம். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப பழசா இருக்கே சார்" என்றாள்.

அழித்த படங்களை மீட்டெடுக்கிற சாஃப்ட்வேர் ஒன்று வாங்கி, டிராயரில் கிடந்த பழைய மெமரி கார்டுகளை எல்லாம் போட்டு ஓட்டினேன். வந்ததெல்லாம் துண்டு துண்டாக வந்தது. பாதிப் படம் சாம்பல் பட்டையாக இருக்கும், மேலே அவள் நெற்றியும் பொட்டும் மட்டும் தெரியும். ஒன்றே ஒன்று முழுசாகக் கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தால், கலர் சரி பார்க்க வைத்திருக்கும் சாம்பல் அட்டையை அவள் முகத்துக்கு முன்னால் பிடித்திருக்கிறாள். மூக்கிலிருந்து முகவாய் வரைக்கும் அட்டை. அப்படிப் பிடிக்கச் சொன்னவனும் நான்தான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அழுதேன். வீட்டுக்கு வந்து அவளிடம், கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "உடுங்க" என்றாள்.

முகம் பாதிதான் பழையபடி ஆனது. கண் இப்போது முக்கால்வாசி மூடுகிறது. உதட்டின் இடது முனை கீழேயே நின்றுவிட்டது. பேச்சு பரவாயில்லை. கடைத்தெருவில் தெரிந்தவர்களைப் பார்த்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். ஸ்டுடியோவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை என்பாள், அதுவும் உண்மைதான். நான் லைட் பார்க்க ஒரு நாற்காலிமேல் மண்பானையைக் கவிழ்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் நாலைந்து தடவை கேட்டேன், ஒரு போட்டோ எடுக்கட்டுமா என்று. "இப்ப எதுக்கு?" என்பாள். சண்டைக்காவது வந்தால் தேவலை, வரமாட்டாள். அந்த இரண்டு வார்த்தையோடு காய் நறுக்கப் போய்விடுவாள்.

இந்த ஆடி மாதம். கல்யாணம் காட்சி இல்லை, ஸ்டுடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டேன் என்று அவளே பஸ் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் நின்றாள். மண்பானையைப் பார்த்தாள். "இதுக்கு மூக்கு எங்க இருக்குது?" என்று கேட்டாள். பானையைக் கீழே இறக்கிவைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டாள்.

"எடுக்கறதுன்னா எடுங்க."

கை கழுவப் போன நான் ஈரக்கையோடு ஓடிவந்தேன். கட்டியிருந்தது சாதாரண நூல் புடவை. பூ இல்லை. நான் அதையெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எழுந்துவிடுவாள் என்று பயம். மெயின் லைட்டைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம், கதவுப் பக்கம் நகர்ந்தேன். மனசுக்குள் எல்லாம் தயாராக இருந்தது. வலது பக்கத்திலிருந்து லைட், முகத்தைக் கொஞ்சம் திருப்பி, இடது பக்கத்தை நிழலுக்குள் தள்ளி, கறுப்புத் துணியைப் பக்கத்தில் தொங்கவிட்டால் உதடு தொங்குவது யாருக்கும் தெரியாது. பழைய முகமாகவே கொண்டுவந்துவிடலாம். அவ்வளவு தொழில் எனக்குத் தெரியும்.

"அத எங்க தூக்கினு போறீங்க?"

"இந்தப் பக்கம் வெச்சா நல்லா வரும்."

"எந்தப் பக்கம் வெச்சா எது மறையும்னு எனக்குத் தெரியாதா? எத்தினி வருஷம் உக்காந்திருக்கேன். எப்பவும் வெக்கிற எடத்துலயே வைங்க."

"கண்ணு கூசுமே."

"கூசினா கூசட்டும்."

திரும்பக் கொண்டுவந்து எப்போதும் வைக்கிற இடத்திலேயே வைத்தேன். தெர்மாகோல் பலகையைப் பிடிக்க ஆள் இல்லை, அது சுவரோரமாகவே கிடந்தது. லைட் நேராகப் போய் இடது கன்னத்தில் விழுந்தது. வலது கன்னம் நிழலில் இருந்தது. அவள் பழையபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள். கேமராவைக் கண்ணில் வைத்து, லைட் விழுகிற அந்தக் கண்ணில் ஃபோகஸ் பண்ணினேன். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. கன்னம் ஒரு சுருக்கமும் இல்லாமல் வழவழவென்று இருந்தது. உதட்டு முனை கீழே இறங்கி அப்படியே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க, எவ்வளவு வருத்தத்தை மனசில் வைத்துக்கொண்டு இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. என்னத்தையாவது பேச வேண்டும் போல இருந்தது. ஸ்டூலில் உட்காரும் ஒவ்வொருத்தரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைதான் வாயில் வந்தது.

"கொஞ்சம் சிரிங்க."

கஸ்டமருக்குப் போடுகிற அதே 'ங்க'வோடு சொன்னேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் அசையவில்லை. அசைந்தால் ஃபோகஸ் போய்விடும் என்று தெரிந்தவள்.

"சிரிச்சிக்கினுதாங்க இருக்கறேன்" என்றாள்.

கேமராவை இறக்கினேன். லைட் விழாத வலது பக்கத்தில், நிழலுக்குள், உதடு நன்றாக மேலே ஏறியிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாளோ.